நடக்கலாம், நிற்கக் கூடாது

கேலேப் பெல்டிங்கைப் புதைத்த ஈரம் காய்வதற்குள் ஊரிலிருந்து மூன்று ஆண்கள் அளவுச் சங்கிலியோடு வந்து, அவன் மனைவி கெத்தூராவுக்கு அவள் வீட்டையே பிரித்துக் கொடுத்தார்கள். வாழ்க்கைப்பட்டு வந்த நாள்முதல் அவள் கூட்டிப் பெருக்கிய வீடு. அதன் எந்தப் பலகை மழைக்காலத்தில் முனகும், எந்தக் கதவு உப்பிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் வந்தவர்கள் சுவரோரமாகச் சங்கிலியை இழுத்து, அவள் சுட்ட பூசணிப் பணியாரத்தைத் தின்று, கேலேப் வடித்து வைத்திருந்த ஆப்பிள் கள்ளைக் குடித்து, எது அவளுடையது என்று அவளுக்கே சொல்லிவிட்டுப் போனார்கள்.

சட்டம் அப்படி. கல்யாணமான அன்றே பெண்ணிடம் இருப்பதெல்லாம் புருஷனுடையதாகிவிடும். அவன் கண்ணை மூடினால் நிலத்திலும் வீட்டிலும் மூன்றில் ஒரு பங்கு, அவள் உயிரோடு இருக்கும்வரை அவளுக்கு. விற்க முடியாது, யாருக்கும் எழுதி வைக்க முடியாது, ஆனால் அங்கிருந்து அவளை யாரும் கிளப்பவும் முடியாது. அவள் அம்மாவின் ஞாபகமாக இடுப்பில் சுமந்துவந்த செம்புக் கொப்பரைகூடக் கேலேபின் சொத்தில் ஏறி, அவன் மகனின் பங்கில் இறங்கிவிட்டது.

அவளுக்கு வந்தது இவ்வளவுதான். தெற்குப் பார்த்த முன்னறை, அதிலுள்ள கணப்பு, மேட்டில் ஒரு துண்டு வயல், தொழுவத்தில் ஒரு பசு கட்ட இடம், நிலவறையில் கதவிலிருந்து மூன்றாவது கல்வரை. கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம். சனிக்கிழமைதோறும் சமையலறையின் ரொட்டி அடுப்பில் சுட்டுக்கொள்ளலாம். அதற்காகச் சமையலறை வழியே போகலாம், வரலாம். மற்றதெல்லாம் ஆசகேலுக்கு.

ஆசகேல் கேலேபின் முதல் தாரத்துப் பிள்ளை. கெத்தூரா இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. விஷக்காய்ச்சலில் அவன் கிடந்தபோது இவள் கண் மூடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கெட்டவன் என்று சொல்ல முடியாது. பயந்தவன், அதோடு பயத்தை ஒப்புக்கொள்ளாதவன். இந்த ரகத்து ஆள்தான் வீட்டில் இருப்பவர்களை அதிகம் படுத்துவான்.

முதல் குளிர்காலம் எப்படியோ ஓடியது. அடுத்த வசந்தத்தில் ஊருக்கே ஒஹையோ காய்ச்சல் பிடித்தது. யாரைப் பார்த்தாலும் ஒஹையோ. மேற்கே தொலைதூரத்தில் உள்ள அந்தச் சீமையில் மண் ஆள் ஆழத்துக்குக் கறுப்பாக இருக்கிறதாம், கலப்பையில் ஒரு கல் தட்டாதாம், பன்றிகள் தானாகவே காட்டில் மேய்ந்து கொழுக்கின்றனவாம். எங்கள் மலைகளிலோ ஒவ்வொரு பனிக்காலமும் வயலில் புதிதாகக் கல் முளைக்கும். அவற்றைப் பொறுக்கி வேலி கட்டியே இரண்டு தலைமுறை முதுகு கூனிவிட்டது. வாரத்துக்கொரு வண்டி மேற்கே போனது. ஆசகேலும் வண்டிக்கு அச்சு செதுக்கத் தொடங்கினான்.

நிலத்தை வாங்க ஆளும் வந்தான். லூசியஸ் டிப்பிட்ஸ் என்று ஒருவன், ஓடையில் சக்கரம் போட்டுக் கம்பளி ஆலை கட்டப் போகிறேன் என்று மூன்று ஊர்களில் சொல்லிக்கொண்டு திரிந்தவன். ஆசகேல் நிலத்து ஓடை பிடித்துப்போயிற்று. மேஸ்திரி தங்க வீடும் பிடித்தது. வீட்டுக்குள் ஒரு கிழவி இருப்பதுதான் பிடிக்கவில்லை. அவள் தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் முழு விலை, இல்லாவிட்டால் பேச்சே இல்லை என்றுவிட்டான்.

ஆசகேல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தெற்கு அறை வாசலில் வந்து நின்றான். அவளையும் கூட்டிப் போவதாகவும் வண்டியில் அவளுக்கென்று இறகு மெத்தை போடுவதாகவும் சொன்னான். கெத்தூரா கம்பளி நூற்றுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்கே எது என்னோடது ஆசகேல்?"

"என்ன சித்தி இப்படிக் கேக்கறீங்க. நாங்க இருக்கோமே."

"நீ இருக்கே. வழியில உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

அவன் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டான். சாபம் விடுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். கெத்தூரா சாபமெல்லாம் விடவில்லை, கணக்குப் போட்டாள். கையெழுத்துப் போட்ட நிமிடம் அவள் கையில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத கிழவிகளை ஊர் என்ன செய்யும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். முடியாது என்று சொல்லிவிட்டு ராட்டையைச் சுற்றினாள்.

அன்றிலிருந்து வீட்டுக்குள் யுத்தம். ஆசகேல் பங்குப் பத்திரத்தைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினான். கெத்தூரா எதைத் தொட்டாலும் அதை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிப்பதுபோல் உரக்க வாசிப்பான். கிணறு உண்டு, வாளி என்று எழுதவில்லை என்று வாளியை எடுத்து ஒளித்து வைத்தான். அவள் வெண்ணெய் கடையும் ஜாடியைக் கட்டில் கயிற்றில் கட்டி இறக்கித் தண்ணீர் எடுத்தாள். நிலவறையில் மூன்றாவது கல்லுக்கு நேராகச் சுண்ணாம்புக் கோடு போட்டான். அவள் தன் பக்கத்து டர்னிப் கிழங்குகளைக் கோட்டின்மேல் இடிக்கிறாற்போல் அடுக்கி வைத்தாள். ஒன்று உருண்டு அந்தப் பக்கம் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவாள், பிறகு வந்து எண்ணிப் பார்த்து, ஒன்று குறைகிறதே என்று ஆசகேலைக் கேட்பாள்.

ஆசகேலின் மனைவி லொவினா கணவனைவிடக் கெட்டிக்காரி. மெலிந்த உடம்பு, சின்ன வாய், அதிலிருந்து வரும் பேச்சு மட்டும் ஊசி. ஒரு சனிக்கிழமை கெத்தூரா மாவுத் தொட்டியோடு சமையலறைக்கு வந்து, அடுப்புக்குள் விறகை அடுக்கிப் பற்றவைத்துவிட்டுச் சூடு ஏறட்டும் என்று நின்றாள். லொவினா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போக வரன்னுதான் பத்திரத்துல இருக்கு. நிக்கறதுக்குன்னு எழுதல."

"அப்படியா?"

"நடக்கலாம். நிக்கக் கூடாது."

வேறு ஒருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள், அல்லது மாவுத் தொட்டியை அவள் தலையில் கவிழ்த்திருப்பாள். கெத்தூரா சரி என்று சொல்லி நடக்க ஆரம்பித்தாள். கதவிலிருந்து அடுப்புக்கு, அடுப்பிலிருந்து கதவுக்கு. கனமான உருவம், ஆண்பிள்ளைச் செருப்பு. அடுப்பு சுடும்வரை நடந்தாள். தணலை வாரிவிட்டு, கையை உள்ளே நீட்டிச் சூடு பார்த்து, ரொட்டியை உள்ளே தள்ளிவிட்டு மறுபடி நடந்தாள். ரை மாவும் மக்காச்சோள மாவும் கலந்த ரொட்டி வேகப் பாதிநாள் பிடிக்கும். பாதிநாளும் நடந்தாள். நடந்துகொண்டே ஊர்க்கதை எல்லாம் லொவினாவுக்குச் சொன்னாள். சாயங்காலம் லொவினா தலை சுற்றிப் படுத்துவிட்டாள்.

கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. சனிக்கிழமை வந்தால் ஏதோ இரவல் கேட்க வருவதுபோல் யாராவது சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்கள். கெத்தூரா வேண்டுமென்றே குதிகாலை ஓங்கி வைப்பாள். இராத்திரி தன் அறையில் முழங்காலுக்குப் பன்றிக்கொழுப்பைத் தேய்த்துக்கொண்டு, வலி தாங்காமல் பல்லைக் கடித்தாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போதுதான் ஜூன் மாதத்தில் பனி பெய்தது. நம்பாதவர்கள் நம்பவேண்டாம், பார்த்தவர்கள் நாங்கள். மயிர் கத்தரித்த ஆடுகள் விறைத்துச் செத்தன. குருவிகள் களஞ்சியத்துக்குள் வந்து கையில் விழுந்தன. முழங்கால் உயரம் வளர்ந்திருந்த சோளம் ஒரே இரவில் கறுத்துப் படுத்தது. ஆசகேல் வயல் நடுவே நின்று ஒரு தட்டையைப் பிடுங்கிப் பார்த்தான். உள்ளே வரும்போது அவன் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. கெத்தூராவுக்கே ஒரு கணம் மனசு இளகியது. அந்தச் சின்னப் பையனின் காய்ச்சல் முகம் நினைவுக்கு வந்தது. கையெழுத்துப் போட்டுத் தொலைக்கலாமா என்றுகூடத் தோன்றியது.

மறுநாள் காலையில் சுத்தியல் சத்தம் கேட்டது. பார்த்தால், ஆசகேல் சமையலறைக் கூரைமேல் ஏறிக் கடப்பாரையைச் சுத்தியலால் அடித்து இறக்கிப் பலகைகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தான். கூரை அவன் பங்கு. பத்திரத்தில் அடுப்பு இருந்தது, வழி இருந்தது, கூரை இல்லை. கிழவி குளிர் தாங்காமல் தானே இறங்கி வருவாள் என்பது அவன் யோசனை. கெத்தூராவுக்கு இளகிய மனசு அந்தச் சத்தத்திலேயே இறுகிவிட்டது.

சனிக்கிழமை வந்தது. மேலே வானம், வானத்திலிருந்து பனித்துருவல். கெத்தூரா கேலேபின் பழைய கோட்டைப் போர்த்திக்கொண்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். கூரையற்ற சமையலறையின் நடுவில் அந்தப் பெரிய செங்கல் புகைபோக்கி மட்டும் நிமிர்ந்து நின்றது. அவள் ஈரப் பலகைகள்மேல் நடந்தாள். எட்டிப் பார்க்க வந்தவர்கள் அன்று சிரிக்கவில்லை. ஒருவன் தொப்பியைக் கழற்றினான்.

லொவினாவுக்கும் அதுதான் சமையலறை. ஆசகேல் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் தன் குழந்தைகளை வைக்கோல் பரணுக்கு அனுப்பிவிட்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பன்றி இறைச்சி வேகவைத்தாள்.  பிறகு, கெத்தூரா எதிரே நடந்து வரும்போது தலை நிமிராமல் கேட்டாள்.

"உங்க அம்மாவை ஏலம் விட்டாங்களாமே. நெசமா?"

கெத்தூரா நடையை நிறுத்தவில்லை. நிறுத்தாமலே சொன்னாள். ஊருக்குப் பாரமான ஏழைகளை வருடத்துக்கொரு முறை மதுக்கடையில் ஏலம் விடுவார்கள். அதிகம் கேட்பவனுக்குக் கிடைக்காது, குறைவாகக் கேட்பவனுக்குத்தான். யார் மிகக் குறைந்த காசு வாங்கிக்கொண்டு சோறு போடச் சம்மதிக்கிறானோ அவனோடு போகவேண்டும். ஊர் கொடுக்கும் காசில் மிச்சம் பிடிக்கவேண்டும் என்றால் அவன் எதில் பிடிப்பான் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கெத்தூராவின் அம்மா தன் மூத்த மகன் பேச்சை நம்பிப் பங்கை விட்டுக்கொடுத்தவள். அவன் மேற்கே போனான், காய்ச்சலில் செத்தான். அவன் பெண்டாட்டி வேறொருவனைக் கட்டிக்கொண்டாள்.

"நாற்காலியில உக்காரவச்சாங்க. பல்லு இருக்கான்னு ஒருத்தன் வாயைத் தெறந்து பாத்தான். நான் அப்ப வேற வீட்டுல வேலைக்காரி. ஜன்னலுக்கு வெளியே நின்னேன். அம்மா என்னைப் பாத்துட்டு, தெரியாத மாதிரி மொகத்தைத் திருப்பிக்கிட்டா."

லொவினா கையில் அகப்பை அப்படியே நின்றது. பானை பொங்கி வழிந்து தீயில் விழுந்து சீறியது.  ரொட்டி வெந்ததும் கெத்தூரா அதை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

டிப்பிட்ஸ் கடைசியில் இறங்கி வந்தான். ஊரே பாதி விலைக்கு நிலத்தை விற்றுக்கொண்டிருக்க, ஆசகேலின் இரண்டு பங்கை மட்டும் மலிவாக வாங்கிக்கொள்கிறேன் என்றான். கிழவி எத்தனை நாள் நடப்பாள், ஒரு குளிர்காலம் போதும் என்று ஆசகேல் காதுபடவே சிரித்தான். கெத்தூராவின் காதிலும் அது விழுந்தது. அவளைக் கிளப்பவே டிப்பிட்ஸ் தன் பங்கு வீட்டை இடித்து அவள் அறையைத் தனித் தீவாக்கிவிடுவான் என்று அவளுக்குப் புரிந்தது. இடிக்கட்டும். புகைபோக்கியை இடிக்க முடியாது, அதில்தான் அவளுடைய கணப்பும் இருக்கிறது. கோதுமை வயல் நடுவே நின்றாலும் அந்த அடுப்பில் சனிக்கிழமை ரொட்டி சுடுவேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 

பத்திரம் முடிக்க நீதிபதி ஹாக்ஸி குதிரையில் வந்தார். தடித்த மனிதர், மூட்டுவலிக்காரர், எந்த வேலையையும் சட்டென்று முடித்துச் சாப்பாட்டுக்குப் போகப் பார்ப்பவர். ஆசகேல் கையெழுத்துப் போட்டான். மை காய்வதற்குள் அவர் லொவினாவைக் கூப்பிட்டார். கணவன் நிலத்தை விற்கும்போது மனைவியும் தன் வருங்கால மூன்றிலொரு பங்கை விட்டுக்கொடுக்கவேண்டும், அதுவும் கணவன் இல்லாத இடத்தில் அவளைத் தனியாகக் கேட்டு, பயமுறுத்தல் இல்லாமல் சம்மதித்தாள் என்று எழுதவேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த சடங்கு. எல்லா மனைவிகளும் சம்மதிப்பார்கள். ஆசகேல் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

தனியாகக் கேட்க இடம்தான் இல்லை. சமையலறைக்குக் கூரை இல்லை, மழை தூறிக்கொண்டிருந்தது. மற்ற அறைகளில் வண்டிக்கு ஏற்ற மூட்டை கட்டி அடைத்திருந்தார்கள். கதவும் கூரையும் கணப்பும் சேர்ந்து மிச்சமிருந்த ஒரே இடம் தெற்கு அறை. ஹாக்ஸி கெத்தூராவிடம் அனுமதி கேட்டார். கேட்டே ஆகவேண்டும், அது அவள் பங்கு.

"வாங்க. ஆனா நான் வெளியே போகமாட்டேன். இது என் அறை."

கணவன்தான் இருக்கக் கூடாது, மற்றபடி தடை இல்லை என்றார் ஹாக்ஸி. லொவினா உள்ளே வந்தாள். இத்தனை மாதத்தில் அவள் இந்த அறைக்குள் காலெடுத்து வைத்தது அன்றுதான். கணப்பைப் பார்த்தாள், ராட்டையைப் பார்த்தாள், அலமாரியில் அடுக்கியிருந்த ரொட்டிகளைப் பார்த்தாள். ஹாக்ஸி மனப்பாடமாகக் கேள்வியைக் கேட்டார்: நீ உன் மனமார, கணவனின் மிரட்டலுக்குப் பயப்படாமல், இந்தப் பங்கை விட்டுக்கொடுக்கிறாயா? பேனாவை மையில் தோய்த்தும் விட்டார்.

லொவினா அவரைத் திருப்பிக் கேட்டாள். ஒஹையோவில் எது தன்னுடையது என்றாள். உன் கணவன் எதை வாங்குகிறானோ அதில் மூன்றிலொன்று என்றார் அவர்.

"வாங்கறதுக்கு முன்னாடி வழியிலேயே அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

ஹாக்ஸி பேனாவை உதறினார். அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது, கடவுள் இருக்கிறார் என்றார்.

"கடவுள் இருக்கார். எது என்னோடதுன்னு கேட்டேன்."

"ஒண்ணும் இல்லதான்மா," என்றார், எரிச்சலோடுதான், ஆனால் பொய் சொல்லாமல்.

அப்போது லொவினா கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். தெற்குப் பார்த்த முன்னறை, அதிலுள்ள கணப்பு, நிலவறையில் மூன்றாவது கல்வரை, கிணற்றில் தண்ணீர், சனிக்கிழமை அடுப்பு, போகவும் வரவும் வழி. ஒரு சொல் பிசகவில்லை. ஆசகேல் குரலில் இருந்த அதே இழுவைகூட இருந்தது. கெத்தூராவை அடக்குவதற்காக அவன் வசந்தம் முழுக்க உரக்க வாசித்ததை, அகப்பையைக் கிளறிக்கொண்டே அவன் மனைவி மனப்பாடம் செய்திருந்தாள். ஒரு பெண்ணுக்கு இந்த நாட்டில் என்னதான் மிச்சம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. புருஷன்தான் சொல்லித் தந்தான், தினமும், தெளிவாக.

"எனக்கு மனசில்ல," என்றாள் லொவினா. "அப்படியே எழுதுங்க."

கெத்தூரா ராட்டையைப் பிடித்துக்கொண்டாள்.  சந்தோஷத்தில்தான், சொன்னால் என்ன.

வெளியே நடந்ததை விரிவாகச் சொல்லவேண்டியதில்லை. டிப்பிட்ஸ் ஒரு கிழவியைப் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தான், பின்னால் இன்னொருத்தி காத்திருக்கும் நிலத்தை வாங்க அவன் தயாராக இல்லை. குதிரையேறிப் போய்விட்டான். ஆசகேல் கத்தினான். தனியாகவே மேற்கே போகிறேன் என்றான். போங்க, நாங்க இங்கேயே இருக்கோம் என்றாள் லொவினா. அவன் அச்சுச் செதுக்கிய கோடரியை எடுத்துக்கொண்டு காட்டுப்பக்கம் போய் நாள் முழுக்க மரத்தை வெட்டினான். யாரும் அவனைத் தேடிப் போகவில்லை.

சனிக்கிழமை காலையில் மறுபடி சுத்தியல் சத்தம். கெத்தூரா மாவுத் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். ஆசகேல் கூரைமேல் உட்கார்ந்து, பெயர்த்த பலகைகளைத் திருப்பி அடித்துக்கொண்டிருந்தான். கீழே பார்க்கவில்லை. வாய் நிறைய ஆணி வைத்திருந்தான், அதனால் பேசவும் முடியாது. அந்த வருடம் எல்லோருக்கும் பசி காத்திருந்தது, அவர்களுக்கும்தான். டர்னிப்பும் வேரும் தின்று குளிர்காலத்தைக் கடத்தவேண்டியிருக்கும் என்று மூன்று பேருக்குமே தெரியும்.

கெத்தூரா அடுப்பைப் பற்றவைத்தாள். வழக்கம்போலக் கதவைப் பார்த்து நடக்கத் திரும்பினாள். லொவினா மேசைக்கு அடியிலிருந்து ஒரு நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க அத்தை."

அத்தை என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கெத்தூரா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"பத்திரத்துல அப்படி இல்லையே."

"பத்திரத்தை அடுப்புல போட்டுட்டேன். நெருப்பு நல்லாப் புடிக்குது பாருங்க."

மேலே சுத்தியல் ஒரு கணம் நின்றது. கெத்தூரா கூரையை நிமிர்ந்து பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.